ஜோடிக்கு நடுவுல வந்துட்டாங்குற ஒரே காரணத்துக்காக ஒரு பொண்ணு கேரக்டரை வெறுத்திருக்கீங்களா?

வைப்பர்நிலா:

முதல்லயே சொல்லிடறேன், பேட்டில்ஸ்டார் கேலக்டிகா (விண்வெளிக் கப்பல் சீரிஸ், 2004ல ஆரம்பிச்சு 2009ல முடிஞ்சது, பழைய 1978 சீரிஸ் இல்ல) கடைசி சீசன் வரைக்கும் ஸ்பாய்லர் இருக்கு, பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

போன மாசம் அந்த சீரிஸை ரெண்டாவது தடவை முழுசா பாத்து முடிச்சேன். மொத தடவை பாத்தப்போ நான் வெறித்தனமான காரா-லீ ஷிப்பர், அதாவது அதுல வர காரா, லீங்குற ரெண்டு விமானிங்களும் ஜோடி சேரணும்னு ஆசைப்பட்ட ஆளு. ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல நின்னாலே போதும், அந்த எபிசோட் எனக்கு நல்ல எபிசோட். அப்போ லீயைக் கல்யாணம் பண்ணிக்கிற டுவாலாவை எனக்கு சுத்தமா புடிக்காது. ஏன் புடிக்கலன்னு கேட்டிருந்தா ஒரு பட்டியலே வாசிச்சிருப்பேன், முகத்துல ஒரு உணர்ச்சியும் இல்ல, முதல்ல பழகிட்டு இருந்த பில்லி உயிரோட இருக்கும்போதே லீ பக்கம் சாஞ்சுட்டா, லீக்கு அவ பொருத்தமே இல்ல, இப்படி. இதெல்லாம் உண்மையான காரணம்னு நான் மனசார நம்பிட்டு இருந்தேன்.

இந்த தடவை பாக்கும்போது எனக்கு எங்க இடிச்சதுன்னா, ரெண்டாவது சீசன்ல கப்பல் கூட்டம் ரெண்டா பிரிஞ்சு, ஒரு பகுதி ஜனாதிபதி ராஸ்லின் பின்னாடி போயிடுது இல்ல, ராணுவத் தளபதி அடாமா பயங்கர கோவத்துல இருக்காரு, சுத்தி இருக்குற பெரிய ஆபீசருங்க யாரும் அவர்கிட்ட வாயைத் திறக்கல. அப்போ அந்த ரேடியோ முன்னாடி உக்காந்திருக்குற சின்னப் பொண்ணு டுவாலா, ரேங்க்ல எவ்வளவோ கீழ இருக்குறவ, அவர் கேட்டதும் முகத்துக்கு நேரா சொல்றா, எல்லாரையும் ஒண்ணா பூமிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே, இப்போ குடும்பங்க பிரிஞ்சு கிடக்குன்னு. அதுக்கப்புறம்தான் அவர் முடிவை மாத்தறாரு. அந்த சீரிஸோட பெரிய திருப்பம் அது. மொத தடவை பாத்தப்போ இந்த சீன் என் கண்ணுல பட்டதாவே ஞாபகம் இல்ல. அப்போ அவ இன்னும் லீ பக்கம் வரல, அதனால எனக்கு அவ இருந்தும் இல்லாத மாதிரி.

அப்புறம் மூணாவது சீசன். லீக்கும் காராவுக்கும் தொடர்பு இருக்கு, டுவாலாவுக்கு அது தெரியும். காரா போன ராப்டர் (சின்ன விண்கலம்) விழுந்து அவ அடிபட்டு கிடக்கா, லீ யாரை அனுப்புறான்? பொண்டாட்டியை. அவளும் போறா, கை ரெண்டும் வெந்து கிடக்குற காராவைத் தேடிக் கண்டுபுடிச்சு, ராப்டரை சரி பண்ணி ஓட்டிக் கூட்டிட்டு வரா. மொத தடவை இதைப் பாத்தப்போ என் கவலையெல்லாம் காரா பொழைப்பாளா, லீ கண்ணு கலங்குமா, இது மட்டும்தான். அந்த காக்பிட்ல உக்காந்திருக்குற இன்னொருத்திக்கு உள்ள என்ன ஓடும்னு ஒரு நொடி கூட நான் யோசிக்கல.

யோசிச்சுப் பாத்தா, தப்பு பண்ணவன் கல்யாணமான லீ, காராவும் கல்யாணமானவ, ஆனா நான் கோவப்பட்டது வீட்ல ஏமாந்து நின்ன பொண்ணு மேல. நாலாவது சீசன்ல அவ செத்துப் போற எபிசோட்ல (2009 ஜனவரி) எனக்கு வந்த முதல் நெனப்பு "இனி ரூட் க்ளியர்"ங்கறதுதான். அதை இங்க எழுதும்போதே கஷ்டமா இருக்கு.

என் கேள்வி இதுதான். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? இது ரசிகர்களோட கோளாறா இல்ல எழுதினவங்களே அவளை அந்த இடத்துல வச்சதால வந்ததா? பல பேர் சேர்ந்து ஒரே கப்பல்ல இருக்குற கதைகள்ல இது ரொம்ப அதிகமா நடக்குற மாதிரி எனக்குத் தோணுது, அது சரியான்னும் சொல்லுங்க.

ரேடார்_பாட்டு:

நல்ல கேள்வி. என் பதில், ரெண்டு பேர் பங்கும் இருக்கு, ஆனா ஆரம்பம் எழுதுற மேசையிலதான்.

கப்பல்ல எத்தனை பொண்ணுங்கன்னு எண்ணிப் பாருங்க. ஸ்டார் ட்ரெக்கோட முதல் பைலட்ல (சேனலுக்குக் காட்ட எடுக்குற முன்னோட்ட எபிசோட்) மேஜல் பேரட் நடிச்ச கேரக்டர் கப்பலோட ரெண்டாவது அதிகாரி, பேரு கூட கிடையாது, 'நம்பர் ஒன்'னுதான் கூப்பிடுவாங்க. அந்த பைலட்டை சேனல் வேணாம்னு சொல்லிடுச்சு, மறுபடி எடுத்தப்போ அந்த கேரக்டரே இல்ல. அதே நடிகை 1966ல திரும்பி வந்தப்போ நர்ஸ் சாப்பல், அந்தக் கப்பல் ஆபீசர் ஸ்பாக்கை ஒருதலையா காதலிச்சு ஏங்குற நர்ஸ். கப்பலையே நடத்திட்டு இருந்தவளை இறக்கி, ஒருத்தனைப் பாத்து ஏங்குறதையே வேலையா குடுத்துட்டாங்க. ரசிகர்கள் இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள இவ்வளவு நடந்துடுச்சு.

அதே சீரிஸ்ல வர உஹூராவை எடுத்துக்கோங்க. அவளா நடிச்ச நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிஞ்சதும் வெளிய போயிடலாம்னு இருந்தாங்க, மார்ட்டின் லூதர் கிங் நேர்ல சந்திச்சு போகாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, அதனாலதான் இருந்தாங்க, இது அவங்களே பல தடவை சொன்னது. அவ்வளவு முக்கியமான கேரக்டரோட முதல் பேரு 'நியோட்டா'ங்கறது திரையில முதன்முதலா சொல்லப்பட்டது 2009 ஸ்டார் ட்ரெக் படத்துலதான். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அந்த 2009 படத்துலதான் ஸ்பாக்குக்கும் உஹூராவுக்கும் காதல் வச்சாங்க, உடனே ஒரு கூட்டம் கிளம்புச்சு, உஹூராவை வெறும் கேர்ள்ஃப்ரெண்ட் ஆக்கிட்டாங்க, அவளோட கௌரவமே போச்சுன்னு. அதுல கொஞ்சம் பேர் உண்மையா அக்கறையில சொன்னாங்க, இல்லங்கல. ஆனா கேப்டன் கர்க்-ஸ்பாக் ஜோடி தங்களுக்குப் பறிபோச்சேங்குற கோவத்தை இந்த அக்கறைக்குள்ள சுருட்டி வச்சவங்களும் நிறைய. அந்த நேரத்துல கறுப்பின ரசிகைகள் பல பேர் எடுத்துச் சொன்ன ஒரு விஷயம் என் பார்வையையே மாத்துச்சு. வெள்ளைக்காரப் பொண்ணுக்கு எப்பவும் காதல்தான் குடுத்தீங்க, அவ அதை வேணாம்னு சொன்னா அது விடுதலை. எங்களுக்கு அந்தக் கப்பல்ல வேலை மட்டும்தான் குடுத்தீங்க, இப்போதான் ஒருத்தன் அவளை ஆசையா பாக்குறான், அது எங்களுக்குப் பெரிய விஷயம், அதையும் ஏன் புடுங்குறீங்கன்னு கேட்டாங்க. ஒரே காட்சியை ரெண்டு பேர் ரெண்டு வரலாறுல இருந்து பாக்குறாங்க, நான் அதுவரைக்கும் ஒரு பக்கம்தான் பாத்திருந்தேன்.

கடைசியா, ஏழு பேர் இருக்குற கப்பல்ல ஒருத்தியோ ரெண்டு பேரோ மட்டும் பொண்ணுன்னா, அவ தைரியமாவும் இருக்கணும், அழகாவும் இருக்கணும், தப்பும் பண்ணக் கூடாது, யாரையாவது காதலிச்சாலும் குத்தம், காதலிக்கலன்னாலும் கல்லுன்னு பேரு. அஞ்சு ஆம்பளைங்க அஞ்சு குணத்தைப் பிரிச்சு வச்சுக்கறாங்க, இவ ஒருத்தியே எல்லாத்தையும் சுமக்கணும். டுவாலா விஷயத்துலயும் காரா ஒரு பக்கம் முழு வெளிச்சத்துல நிக்குறா, அப்போ டுவாலாவுக்கு மிச்சம் இருந்தது காராவா இல்லாத ஒருத்திங்குற இடம் மட்டும்தான்.

மசிக்கறை:

நான் இதுக்குக் கொஞ்சம் நேர்மையா பதில் சொல்லணும், ஏன்னா நான் பதினாலு வருஷமா ஃபேன்ஃபிக் (சீரிஸ் கேரக்டர்களை வச்சு ரசிகர்கள் எழுதுற கதை) எழுதுறவ, அதுவும் பெரும்பாலும் ஸ்லாஷ், அதாவது ரெண்டு ஆம்பளை கேரக்டரை ஜோடி சேக்குற கதை. நடுவுல நிக்குற பொண்ணை என்ன பண்றதுங்கறது எங்களுக்கு நிஜமாவே ஒரு தொழில் பிரச்சினை மாதிரி. ரெண்டு ஆம்பளைங்களைச் சேக்கணும், ஆனா கதையில ஒருத்தனுக்கு ஏற்கனவே ஒருத்தி இருக்கா. நான் என்னென்ன பண்ணியிருக்கேன்னு சொல்றேன். ஒண்ணு, கதை ஆரம்பிக்கும்போதே அவ செத்துப் போயிருப்பா. ரெண்டு, அவளை நச்சரிக்குறவளாவும் சுயநலக்காரியாவும் மாத்திடுவேன், அப்போதான் அவன் அவளை விட்டுட்டு வர்றது நியாயமா தெரியும். மூணாவதுதான் ரொம்ப நாள் எனக்கே பெருமையா இருந்தது, அவளைப் பெருந்தன்மையானவளா, எல்லாம் புரிஞ்சவளா எழுதி, அவளே ரெண்டு பேரையும் சேத்து வைக்குற மாதிரி முடிப்பேன். நான் பொண்ணுங்களை மதிக்குறேன் பாருங்கன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் என் கதைகளைத் தொடர்ச்சியா படிச்ச ஒரு தோழி கேட்டா, உன் கதையில இந்தப் பொண்ணு ராத்திரி ரூமுக்குத் திரும்பிப் போனா அங்க என்ன பண்ணுவான்னு. என்கிட்ட பதில் இல்ல. அவளுக்கு ரூமே நான் யோசிக்கல.

இதுல பழைய கதை ஒண்ணு இருக்கு, தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க. 1973ல பாலா ஸ்மித்னு ஒரு ரசிகை 'மெனாஜரி'ங்குற சின்னப் பத்திரிகையில ஸ்டார் ட்ரெக்கை வச்சு ஒரு குட்டிக் கிண்டல் கதை எழுதினாங்க, பதினஞ்சரை வயசு லெஃப்டினன்ட் மேரி சூ, கப்பல்ல இருக்குற எல்லாருக்கும் அவளைப் புடிக்கும், எல்லாத்தையும் சாதிப்பா, கடைசியில செத்துப் போவா, எல்லாரும் அழுவாங்க. அப்போ வந்துட்டு இருந்த ரசிகை கதைகளோட சாயலைத்தான் கிண்டல் பண்ணாங்க, நல்ல கிண்டல்தான். அடுத்த வருஷமே, 1974ல, டயேன் மார்ச்சண்ட் எழுதின கர்க்-ஸ்பாக் கதை இன்னொரு சின்னப் பத்திரிகையில வந்துச்சு, அச்சுல வந்த முதல் ஸ்லாஷ் கதைன்னு அதைத்தான் பொதுவா சொல்வாங்க. இந்த ரெண்டும் அடுத்தடுத்து நடந்ததை நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன். மேரி சூங்குற பேரு கிண்டலா ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல பயமா மாறிடுச்சு. கமீல் பேகன்-ஸ்மித் 1992ல ரசிகைகளைப் பத்தி எழுதின புத்தகத்துலயே இது பதிவாகியிருக்கு, பொண்ணு கேரக்டரை எழுதினாலே மேரி சூன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து பொண்ணுங்களே பொண்ணுங்களை எழுதாம ஒதுங்கினாங்கன்னு. ஆம்பளை கேரக்டரை எவ்வளவு கெட்டிக்காரனா எழுதினாலும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

அதே சமயம் ஸ்லாஷ் எழுதுறவங்க எல்லாரும் பொண்ணுங்களை வெறுக்குறவங்கன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன். நிறைய பொண்ணுங்களுக்கு அது ஒரு மூச்சு விடுற இடம். ரெண்டு சமமான ஆளுங்க, யாரும் யாருக்கும் கீழ இல்ல, அந்த மாதிரி ஒரு காதலை எழுத நமக்கு திரையில கிடைச்சது ரெண்டு ஆம்பளை கேரக்டர்தான், ஏன்னா முழுசா எழுதப்பட்டவங்க அவங்கதான். நான் அதுக்காக வருத்தப்படல. நடுவுல இருந்தவளை அப்புறப்படுத்துறது அவ்வளவு சுலபமா என் கைக்கு வந்ததே, அதுக்குத்தான் வருத்தப்படறேன்.

சுற்றுப்பாதை7:

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கு, கோச்சுக்காதீங்க.

ஒரு கேரக்டரைப் புடிக்காமப் போறது ரசிகரோட உரிமை. பொண்ணு கேரக்டரைப் புடிக்கலன்னா உடனே உனக்குள்ள பெண் வெறுப்பு இருக்குன்னு சொல்றது எனக்குச் சரியா படல. வாயேஜர்ல (இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரிஸ்) கடைசி சீசன் கடைசி எபிசோடுகள்ல (2001) சாக்கோடேவையும் செவன் ஆஃப் நைனையும் திடீர்னு ஜோடி சேத்தாங்க, ஏழு வருஷமா கேப்டன் ஜேன்வேயும் சாக்கோடேவும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து கட்டின ஒரு உறவை அப்படியே விட்டுட்டு, அதுக்கு முன்னாடி செவன்-சாக்கோடே நடுவுல சொல்லிக்கிற மாதிரி எதுவுமே இல்ல. அதைப் பாத்து ரசிகர்களுக்குக் கோவம் வராம என்ன பண்ணும். எனக்கும் வந்துச்சு. அது மோசமான எழுத்து, அதை மோசம்னு சொல்றதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ரசிகர்கள் பொண்ணு கேரக்டர்களுக்காக நின்னதை யாரும் பேச மாட்டேங்குறீங்க. தி 100 சீரிஸ்ல லெக்ஸாவை 2016 மார்ச்ல சாகடிச்சாங்க, க்ளார்க்குங்குற பொண்ணு கூட காதல்ல சேர்ந்த அடுத்த நிமிஷமே, வழி தவறி வந்த ஒரு தோட்டாவுல. அதுக்கு ரசிகைகள் என்ன பண்ணாங்க? தங்களை மாதிரி ஒரு பொண்ணை திரையில பாத்து தெம்பா இருந்த எத்தனையோ இளம் பொண்ணுங்க ஒடைஞ்சு போயிருப்பாங்கன்னு, தற்கொலைத் தடுப்பு வேலை பண்ற ட்ரெவர் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் திரட்டினாங்க. அடுத்த வருஷம் லாஸ் வேகஸ்ல க்ளெக்ஸாகான்னு ஒரு மாநாடே ஆரம்பிச்சுச்சு. ஒரு கேரக்டரை அந்த அளவுக்கு மதிச்சவங்களும் இதே ஷிப்பர்கள்தான். ஷிப்பிங்தான் பிரச்சினைங்குற மாதிரி பேசினா இவங்களையெல்லாம் எங்க வைப்பீங்க?

எக்ஸ்-ஃபைல்ஸ் காலத்துலதான் 'ஷிப்பர்'ங்குற வார்த்தையே வந்தது, அதுல வர மல்டரும் ஸ்கல்லியும் சேரணும்னு நெனச்சவங்க ஒரு பக்கம், சேரவே கூடாதுன்னு நெனச்ச 'நோரோமோ' ஒரு பக்கம். சேரக் கூடாதுன்னவங்கள்ல பல பேருக்கு இருந்த பயம், ஸ்கல்லி காதலியா ஆயிட்டா டாக்டரா, ஏஜென்ட்டா அவளுக்கு இருக்குற எடை கொறஞ்சிடும்னு. அதுவும் அவ மேல இருந்த மரியாதைதானே.

குளிர்பதனப்பெட்டி:

சுற்றுப்பாதை7 சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்கறேன். எழுத்து மோசம்னா எழுத்தைத் திட்டணும். ஆனா நடைமுறையில திட்டு போய் விழுறது யார் மேலன்னு பாருங்க. செவன்-சாக்கோடே விஷயத்துல அப்போ பேசினவங்க சாக்கோடேவை எவ்வளவு திட்டினாங்க, செவனை எவ்வளவு திட்டினாங்க? நான் பாத்த வரைக்கும் அவர் பாவம் ஏமாந்துட்டாரு, இவ புடுங்கிட்டா. அவர் வளர்ந்த ஆளு, கப்பலோட ரெண்டாவது அதிகாரி, அவரும் சேர்ந்துதான் அந்த முடிவை எடுத்தாரு.

புடிக்குது புடிக்கலங்கறதை விட்டுடுவோம். ஒரே தப்புக்கு ரெண்டு பேர் கணக்குல எவ்வளவு எழுதறோம்னு மட்டும் பாக்கலாம். டார்ச்வுட் சீரிஸை எடுத்துக்கோங்க. க்வென் முதல் சீசன்ல காதலன் ரைஸுக்குத் தெரியாம, தன்னோட வேலை செய்யுற ஓவன் கூட உறவு வச்சுக்கறா. தப்பு, சந்தேகமே இல்ல. அந்த சீரிஸைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் இன்னிக்கும் இதைச் சொல்லித்தான் அவளைத் திட்டறாங்க, ஜாக்-யாண்ட்டோங்குற ஆண் ஜோடி நடுவுல அவ ஏன் நிக்குறான்னு சேத்துத் திட்டறாங்க. அதே ஓவன், முதல் எபிசோட்லயே ஒரு ஏலியன் ஸ்ப்ரேயை அடிச்சுக்கிட்டு முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணையும் அவ காதலனையும் மயக்கிக் கூட்டிட்டுப் போறான். அவங்க சம்மதிச்சாங்களாங்குற கேள்விக்கே அங்க இடம் இல்ல. க்வென் பண்ணதை விட பல மடங்கு பயங்கரமான விஷயம் அது. ஆனா ஓவனைப் பத்திப் பேச்சு வந்தா "பாவம், உள்ளுக்குள்ள காயப்பட்டவன்". ரெண்டாவது சீசன் முடியுறதுக்குள்ள எல்லாரும் மன்னிச்சாச்சு.

தி எக்ஸ்பேன்ஸ்லயும் இதான். அது பொண்ணுங்களை ரொம்ப நல்லா எழுதின சீரிஸ், நயோமி, பாபி, அவசரளா, ட்ரம்மர்னு நாலு பேரும் நாலு திசை. அஞ்சாவது சீசன்ல ட்ரம்மர் தன் கப்பல்ல ஆணும் பெண்ணுமா பல பேரோட ஒரே குடும்பமா வாழறா, அதை ரசிகர்கள் எவ்வளவு அன்பா ஏத்துக்கிட்டாங்கன்னு பாத்தப்போ எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா அங்கயும் நயோமி ப்ரோட்டோமாலிக்யூலுங்குற ஆபத்தான ஏலியன் பொருளைக் காதலன் ஹோல்டனுக்குத் தெரியாம, சிறுகோள் பெல்ட் ஜனங்களோட தலைவர் ஃப்ரெட் ஜான்சன்கிட்ட குடுத்தப்போ வந்த கோவம் எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? துரோகி, ஹோல்டனுக்கு அவ வேணாம். ஹோல்டன் முதல் சீசன்ல என்ன பண்ணான்? கப்பல் அழிஞ்ச கோவத்துல, பாதி தெரிஞ்சும் தெரியாமலும், மார்ஸ் மேல விரல் நீட்டி மொத்த சூரியக் குடும்பத்துக்கும் ஒளிபரப்பு பண்ணான், அதனால ஊரெல்லாம் கலவரம். அவனுக்குக் கிடைச்ச பட்டம், நேர்மையானவன், கொஞ்சம் அவசரக்காரன். நயோமி எடுத்தது ஒரு அரசியல் முடிவு, பெல்ட் ஜனங்களுக்கும் ஒரு பிடி இருக்கணும்னு நெனச்சு எடுத்தது, சரியா தப்பான்னு மணிக்கணக்கா பேசலாம். அந்தப் பேச்சே நடக்கல. காதலனுக்கு அவ உண்மையா இருந்தாளா இல்லையாங்கறது மட்டும்தான் பேச்சா இருந்துச்சு. பெல்ட்டர்னு ஒரு வாழ்க்கை அவளுக்கு இருந்ததையே மறந்துட்டோம்.

எழுத்து நல்லா இருந்தும் இது நடந்திருக்கு. அதான் ரேடார்_பாட்டு சொன்னதோட நான் வேறுபடறேன், எல்லாத்தையும் எழுத்தாளர் தலையில கட்ட முடியாது.

மார்த்தா_கட்சி:

என் பேரைப் பாத்தாலே தெரியும் நான் எதுக்கு வந்திருக்கேன்னு.

காலத்துல பயணம் பண்ற டாக்டரோட கதை, டாக்டர் ஹூ, 2007 சீசன். டாக்டரோட ஜோடியா இருந்த ரோஸ் போன உடனே மார்த்தா வந்தா, அதுதான் அவ பண்ண ஒரே தப்பு. 1913க்குப் போய் டாக்டர் தன்னையே மறந்து மனுஷனா வாழறாரு, அவரைக் காப்பாத்த மார்த்தா அந்தப் பள்ளிக்கூடத்துல தரை துடைக்குற வேலைக்காரியா மாசக்கணக்கா இருக்கா, நிறத்தைச் சொல்லி அவமானப்படுத்துறாங்க, நான் டாக்டருக்குப் படிக்கறேன்னு சொன்னா அங்க இருக்குற நர்ஸ் ஜோன் நம்பல. அப்போ மார்த்தா தன் கையையே காட்டி, கையில இருக்குற எலும்பு ஒவ்வொண்ணோட பேரையும் வரிசையா சொல்லுவா. எனக்கு அந்த சீன் எத்தனை தடவை பாத்தாலும் தொண்டை அடைக்கும். சீசன் முடிவுல ஒரு வருஷம் தனியா உலகம் பூரா நடந்து அவரைப் பத்திச் சொல்லி உலகத்தைக் காப்பாத்துறா, முடிஞ்சதும் இது எனக்கு நல்லதில்லன்னு தானே முடிவு பண்ணி கிளம்பிடறா. இவ்வளவு பண்ணவளுக்கு ரசிகர்கள் வச்ச பேரு, ரோஸ் இடத்துக்கு ஆசைப்பட்டவ.

அடுத்த வருஷம் டோனா வந்தா, அவளுக்கும் டாக்டருக்கும் நட்பு மட்டும் போதும்னு முதல்லயே தெளிவா ஆயிடுச்சு, உடனே எல்லாருக்கும் அவளைப் புடிச்சுப் போச்சு. எனக்கும் டோனாவை உயிர். ஆனா அவளை அவ்வளவு சீக்கிரம் ஏத்துக்கிட்டதுல, இவளால நம்ம ஜோடிக்கு ஆபத்து இல்லங்குற நிம்மதியும் கலந்திருந்ததுன்னு நான் நெனக்கறேன்.

இது திரைக்குள்ளயே நின்னுட்டா பரவால்ல. ஸ்டார் வார்ஸ்ல ரோஸ் டிக்கோவா நடிச்ச கெல்லி மேரி ட்ரானுக்கு நடந்தது கேரக்டருக்கு நடந்தது இல்ல, ஒரு மனுஷிக்கு நடந்தது. இனத்தைச் சொல்லியும் உடம்பைச் சொல்லியும் வந்த வசவுக்குப் பிறகு 2018ல இன்ஸ்டாகிராம் பதிவுகளை மொத்தமா எடுத்துட்டாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல அதைப் பத்தி எழுதினாங்க. 2019ல வந்த அடுத்த படத்துல ரோஸ் திரையில இருக்குறது ரெண்டு நிமிஷம் கூட இல்ல. ஃபின்னுக்கு அவ முத்தம் குடுத்தது சிலருக்குப் புடிக்கல, சரி, அந்தக் காட்சி எனக்குமே ஒட்டல. அதுக்கு அந்த நடிகை என்ன பண்ணுவாங்க?

சுற்றுப்பாதை7:

கடைசி விஷயத்துல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்ல. க்வென்-ஓவன் கணக்கும் நியாயமான கணக்குதான், நான் அப்படி யோசிச்சதில்ல. ஆனாலும் செவன்-சாக்கோடே ஜோடி எனக்கு எப்பவும் புடிக்காது, அதை மட்டும் மாத்திக்க முடியாது.

வைப்பர்நிலா:

இவ்வளவு பேர் இவ்வளவு மனசு விட்டு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. சுற்றுப்பாதை7, அந்த ஜோடி எனக்கும் புடிக்காது, கவலைப்படாதீங்க. காரா-லீயையும் நான் விடல, இப்பவும் அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாத்தா மனசு என்னவோ பண்ணும்.

உங்க பதில்களைப் படிச்சப்போ ஃபார்ஸ்கேப் சீரிஸ் ஞாபகம் வந்துச்சு. அதுல எல்லாரும் பேசறது க்ரைட்டன்-ஏரின் காதலைத்தான், நானும் தான். ஆனா ஏரின் செத்துப் போனப்போ அவளைத் திருப்பிக் கொண்டு வந்தது யாரு? அதே கப்பல்ல இருந்த ஸான். தன் உயிரோட சக்தியைக் குடுத்து எழுப்பினா, அதுலயே பலவீனமாகி மூணாவது சீசன் ஆரம்பத்துல (2001) கப்பலைக் காப்பாத்திட்டு அவ போயிட்டா. அந்தக் காதல் கதை மேற்கொண்டு நடக்கவே இன்னொரு பொண்ணு உயிரைக் குடுத்திருக்கா. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவுல இருந்த உறவைப் பத்தி ஒரு நீளமான பதிவு நான் எங்கயும் படிச்சதா ஞாபகம் இல்ல. கப்பல்னா பத்து பேர் சேர்ந்து வாழற இடம், அதுல ஒரு கோட்டை மட்டும் புடிச்சுக்கிட்டு மத்த கோடு எல்லாத்தையும் நாமளே அழிச்சுடறோம் போல.

மசிக்கறை, உங்ககிட்ட ஒரு கேள்வி. டுவாலாவை வச்சு நல்ல கதை எதாவது படிச்சிருக்கீங்களா? லீயோட பொண்டாட்டியா இல்லாம, அவளா. அவளோட ஊர் சாஜிட்டரான், அவ ராணுவத்துல சேர்ந்ததே அப்பாவுக்குப் புடிக்கல, அதுக்குள்ளயே எவ்வளவு இருக்கு.

மசிக்கறை:

நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் தேடினேன். அவ இருக்குற கதைகள் நிறைய இருக்கு, ஆனா பெரும்பாலும் அவ கதவைத் திறந்துட்டு வந்து லீகிட்ட "எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டுப் போறவளாத்தான் இருக்கா. நானே 2011ல எழுதின ஒண்ணு அதுல மாட்டுச்சு, அதுலயும் அதே கதவு.

நீங்க சொன்ன அந்த ராப்டர் சீனை மறுபடி போட்டுப் பாத்தேன். காராவுக்குக் கையால எதையும் தொட முடியாது, எந்த வயரை எங்க சொருகணும்னு அவ சொல்லச் சொல்ல டுவாலாதான் பண்றா. வலியில கத்துறவளுக்கு மருந்து போட்டு, திட்டு வாங்கி, வண்டியைக் கிளப்பணும். கீழ இருந்து கப்பலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அந்த நேரத்துல ரெண்டு பேரும் என்ன பேசியிருப்பாங்க, இல்ல பேசாமலே வந்திருப்பாங்களா? லீ பேரு வராம அவங்க ரெண்டு பேரால பேச முடியுமா? அதைத்தான் எழுத ஆரம்பிச்சிருக்கேன், மூணு பக்கம் ஆச்சு, இன்னும் ராப்டர் தரையை விட்டு எழும்பல. முடிச்சதும் இங்கயே போடறேன்.